பழைய டிஷ்வாஷருக்கு மாற்று: முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு மாடலைப் பாருங்கள்

டிஷ்வாஷரை முதன்முறையாக வாங்குகிறவரின் கேள்விகள் வேறு. ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு மாற்று தேடுகிறவரின் கேள்விகள் வேறு. நம் வீட்டுப் பாத்திரங்கள் இதில் சுத்தமாகுமா என்பதுதான் முதலாமவருக்குப் பெரிய கவலை. இரண்டாமவருக்கு அதற்கு விடை தெரியும். பழைய இயந்திரம் எதனால் போனது, அதே காரணத்தால் புதியதும் போகாமலிருக்க எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கோவையில் எங்கள் வீட்டுக்காக அப்படித் தேடி, கடைசியில் போஷ் நிறுவனத்தின் 13 பிளேஸ் செட்டிங் (ஒருவருக்கான சாப்பாட்டுப் பாத்திரத் தொகுப்பு) கொள்ளும், தனியாக நிற்கும் மாடல் ஒன்றை வாங்கினோம். அதை ஏன் வாங்கினோம் என்பதையும், அதைவிட முக்கியமாக, எந்த வரிசையில் யோசித்து அந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

பழைய இயந்திரம் தண்ணீரைச் சூடாக்காமல் பாதியில் நின்றுவிடத் தொடங்கியதும் மெக்கானிக்கை வரவழைத்து, அடிப்பகுதியைத் திறந்து பார்த்தோம். ஹீட்டரின் மேல் சாம்பல் நிறத்தில் கல் போன்ற படிவு பிடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தட்டியபோது அது ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. தண்ணீரை வெளியேற்றும் பம்பின் சிறு விசிறியில் புளி நார் சுற்றியிருந்தது. அதில் கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் சிக்கியிருந்தன. நாரை எடுத்துவிடலாம், அது ஒரு பொருட்டில்லை. படிவுதான் இயந்திரத்தின் உயிரை வாங்கியிருந்தது. “ஹீட்டர் மாத்துனா ஓடுமுங்க அக்கா, ஆனா இந்தத் தண்ணிக்கு மறுபடியும் இதே கதிதானுங்க” என்று அவர் சொன்னார். ஹீட்டரோடு மின்னணு போர்டையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டுக்குமான செலவு புதிய இயந்திரத்தின் விலையில் பாதியை நெருங்கியதால் பழுதுபார்க்கும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

கோவைக்காரர்களுக்கு உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்ற பிரிவினையை விளக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் என்பது சிறுவாணி, பில்லூர் அணைகளிலிருந்து வரும் குடிநீர். அது மிக மிருதுவானது. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். உப்புத் தண்ணீர் என்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அது எப்போதும் கிடைக்கும். ஆனால் அதில் படிவை உண்டாக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. சமையலறையில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்கள் இருப்பது இங்கே வழக்கம். டிஷ்வாஷரைப் பெரும்பாலும் யோசிக்காமல் உப்புத் தண்ணீர்க் குழாயில்தான் இணைத்துவிடுகிறார்கள். நல்ல தண்ணீரைப் பாத்திரம் கழுவச் செலவழிப்பதா என்ற தயக்கமே காரணம். அந்தத் தயக்கம் கையால் கழுவும் கணக்கிலிருந்து வருவது. இன்றைய முழு அளவு இயந்திரம் ஒன்று, ஒரு முறை ஓட ஏறத்தாழ 10 முதல் 12 லிட்டர் தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒரு குடம். ஒரு நாள் பாத்திரம் முழுவதற்கும் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்பது தாராளமாகக் கொடுக்கக்கூடிய அளவுதான்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல விரும்பும் முதல் செய்தி. இதற்கு டி.டி.எஸ். மீட்டர் போதாது. அது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டுமே தவிர, அதில் படிவை உண்டாக்கும் உப்புகள் எவ்வளவு என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்த உப்புகளின் அளவைக் காட்டும் கடினத்தன்மை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் அளந்து தருவார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 600ஐயும் தாண்டியிருந்தது. இந்த எண் கையில் இருந்தால் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே தெளிவாகிவிடும்: “இந்த மாடலில் உள்ள மென்னீராக்கி எவ்வளவு கடினத்தன்மை வரை தாங்கும்?”

டிஷ்வாஷரின் உள்ளே, அடியில், பிசின் மணிகள் நிரப்பிய ஓர் அறை இருக்கிறது. அதுதான் மென்னீராக்கி. உள்ளே வரும் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கின்றன. மணிகள் நிறைந்ததும், உப்புத் தொட்டியில் நாம் போட்டு வைத்திருக்கும் உப்பின் கரைசல் அவற்றைக் கழுவி மீண்டும் தயார் செய்கிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அப்படிக் கழுவ வேண்டும் என்பதை நாம் அமைக்கும் கடினத்தன்மை எண்தான் தீர்மானிக்கிறது. அந்த எண் குறைவாக இருந்தால், உப்பு நிரம்ப இருந்தும் படிவு சேர்ந்துகொண்டே போகும். போஷ் மாடல்களின் மென்னீராக்கி ஜெர்மானிய அளவையில் 50 டிகிரி வரை அமைக்கத்தக்கது. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் என்பதால், அது ஏறத்தாழ 890 மில்லிகிராமுக்குச் சமம். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் அது தாங்கும் என்பதே அந்த நிறுவனத்தின் பக்கம் எங்களைச் சாய்த்த முதல் காரணம்.

உப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அடுப்படியில் கல் உப்பு இருக்கும்போது டிஷ்வாஷர் உப்புக்கென்று தனியாகச் செலவழிப்பானேன் என்று பலர் கேட்கிறார்கள். கடலுப்பிலேயே கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கின்றன. எவற்றை நீக்குவதற்காக உப்புப் போடுகிறோமோ அவற்றையே அதன் வழியாக உள்ளே அனுப்புவதாகிவிடும். தூள் உப்பிலோ கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. டிஷ்வாஷருக்கென்று விற்கும் உப்பைத் தவிர வேறெதையும் அந்தத் தொட்டியில் போடாதீர்கள். எல்லாம் அடங்கிய சோப்பு மாத்திரை போட்டால் உப்பே வேண்டாம் என்ற விளம்பரமும் 21 டிகிரி, அதாவது சுமார் 370 மில்லிகிராம் வரையிலான தண்ணீருக்குத்தான் பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நல்ல தண்ணீரை இணைத்துவிட்டு மென்னீராக்கியை உச்ச நிலையில் வைத்திருந்தால், உப்பு வீணாவதோடு கண்ணாடிப் பொருள்களும் கெடும். அளவுக்கு மீறிய மென்னீரும் சூடும் சோப்பும் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பை அரித்துவிடுகின்றன. கண்ணாடி டம்ளர் வெண்மையாக மங்கியிருந்தால் வினிகரில் துடைத்துப் பாருங்கள்: மங்கல் போனால் அது தண்ணீரின் உப்புப் படிவு, போகாவிட்டால் அரிப்பு, அதைச் சரிசெய்ய வழியில்லை. நாங்கள் இரண்டு குழாய்களையும் தனித்தனி வால்வுகளோடு ஒரு டி இணைப்பில் சேர்த்து, வழக்கமாக நல்ல தண்ணீரில், மென்னீராக்கியை நிறுத்தி வைத்து ஓட்டுகிறோம். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும் நாட்களில் வால்வை மாற்றும்போது அமைப்பையும் உச்ச நிலைக்கு மாற்றிவிடுகிறோம். பொத்தான்களைச் சில முறை அழுத்தும் வேலைதான்.

கொள்ளளவைப் பற்றி ஷோரூம்களில் சொல்லும் 12, 13, 14 என்ற எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிளேஸ் செட்டிங் என்பது ஐரோப்பிய மேசையில் ஒருவருக்கு வைக்கும் தட்டுகள், கப், சாஸர், கண்ணாடி டம்ளர், கத்தி, முள்கரண்டி, ஸ்பூன்கள் ஆகியவற்றின் தொகுப்பு. அதில் குக்கர் இல்லை, சாம்பார் போசி (குண்டான்) இல்லை, இட்லிக் கொப்பரை இல்லை. எனவே நாங்கள் வீட்டிலிருந்தே எங்கள் பெரிய போசியையும், ஓர் இட்லித் தட்டையும், இரண்டு டபராக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, ஷோரூமில் ஒவ்வொரு இயந்திரத்தின் கீழ் ரேக்கிலும் வைத்துப் பார்த்தோம். விற்பனையாளர்கள் முதலில் வியந்தாலும் தடுக்கவில்லை. போசியைக் கவிழ்த்து வைத்தபின், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் சுழல் தண்டான தெளிப்புக் கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். போஷில் மேல் ரேக்கை, பாத்திரங்கள் இருக்கும்போதே, மூன்று உயரங்களில் ஏற்றி இறக்கலாம். கீழ் ரேக்கின் கம்பிகளை மடக்கிவிட்டால் குண்டான்களுக்குச் சமமான தளம் கிடைக்கும். எங்கள் போசி மேல் ரேக்கைத் தூக்கியதும் சரியாக அமர்ந்தது. 70 டிகிரிச் சூட்டில் ஓடும் கடாய்க்கான தனித் திட்டமும் அதில் உண்டு. தாளித்த எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடிப்பிடித்த பால் பாத்திரத்துக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம், நன்றாகவே போகிறது.

எல்.ஜி.யின் 14 செட்டிங் மாடலையும் தீவிரமாகவே கருதினோம். நான்கு கைகள் சுழன்று தெளிக்கும் அமைப்பும் நீராவி வசதியும் அதன் பலம். அதன் மூன்றாவது, ஆழமில்லாத தட்டு முள்கரண்டிகளும் கத்திகளும் புழங்கும் வீட்டுக்குப் பெரிய உதவி. கையால் சாப்பிடும் எங்கள் வீட்டில் அதற்கு வேலை குறைவு. ஐ.எஃப்.பி.யின் நெப்டியூன் வரிசை நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. உப்பு, சோப்புத் தூள், ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் சேரும் திரவம்) ஆகியவற்றையும் அந்த நிறுவனமே விற்கிறது. உங்கள் ஊரில் அதன் சர்வீஸ் மையம் அருகில் இருந்தால் தயங்காமல் அதை வாங்கலாம். என் கருத்தில் இம்மூன்றுக்கும் இடையே கழுவும் திறனில் உள்ள வேறுபாடு, தண்ணீரைச் சரியாக அமைப்பதற்கும் அமைக்காததற்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது.

எந்த நிறுவனத்துடையதானாலும் சில பாத்திரங்களை உள்ளே வைக்கக் கூடாது. அலுமினியக் கடாயும் குக்கரும் சோப்பின் காரத்தில் கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல் பழகிய எண்ணெய்ப் பதத்தை இழந்து துருப்பிடிக்கும். மண்சட்டி சோப்பை உறிஞ்சும்; மத்தும் மர அகப்பையும் வெடிக்கும்; வெண்கலப் பானை நிறம் மங்கும். உங்கள் சமையல் பெரும்பாலும் இவற்றில்தான் என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இயந்திரம் உங்களுக்கு அரை வேலைதான் செய்யும். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவை மிகுந்த வீட்டுக்கு அது முழுப் பயன் தரும்.

உலர்த்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தின் சூட்டிலேயே ஈரம் ஆவியாகும் முறைதான் பெரும்பாலான மாடல்களில் இருக்கிறது. ஆகவே சூட்டைத் தக்கவைக்கும் எவர்சில்வர் நன்றாக உலரும், பிளாஸ்டிக் டப்பா ஈரமாகவே வரும். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொது. விலை உயர்ந்த சில மாடல்களில் ஜியோலைட் என்ற கனிமம் ஈரத்தை உறிஞ்சி வெப்பத்தை வெளியிடும் ஏற்பாடு உண்டு. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனமில்லை. சிக்கனத் திட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே என்று கவலைப்படாதீர்கள். குறைந்த சூட்டிலும் குறைந்த தண்ணீரிலும் ஊறவைத்தே கழுவுவதால்தான் அந்த நேரம். மின்சாரம் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் செலவாகும்.

இடத்தையும் இணைப்பையும் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முழு அளவு இயந்திரத்துக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 85 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். பின்னால் குழாய்களுக்கு இடம் விடுங்கள். 16 ஆம்பியர் பிளக் அவசியம். பலரும் மறப்பது தண்ணீரின் அழுத்தத்தை. பொதுவாக இந்த இயந்திரங்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தத்தை எதிர்பார்க்கின்றன. மேல்தொட்டி ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார்தான் தருகிறது. அதாவது தொட்டியின் நீர்மட்டம் இணைப்பைவிட 5 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் இது கிடைக்காது. அங்கே சிறிய பிரஷர் பம்ப் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, டிஷ்வாஷருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியல்களை வைத்துப் பேரம் பேசாதீர்கள். வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேட்பதோடு நிற்காமல், கடின நீரால் வரும் படிவு அதில் அடங்குமா என்றும், ஹீட்டரும் போர்டும் உங்கள் ஊரிலேயே இருப்பில் உண்டா என்றும் கேட்டு, சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பொருத்த வருபவர் கிளம்பும் முன், உப்பு நிரப்பிக் கடினத்தன்மை எண்ணை உங்கள் ஆய்வக அறிக்கையைப் பார்த்து அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதை மாற்றும் முறையை நீங்களும் ஒருமுறை அவர் முன்னிலையில் செய்து பாருங்கள்.