புது டேங்க் என்று சொல்லிக் கறுப்புப் பூச்சைக் காட்டினால் நம்பாதீர்கள்

பழைய கார் வைத்திருக்கும் நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள், அதிலும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பெட்ரோல் டேங்க் மாற்றி, துருப்பிடிக்காமல் கோட்டிங்கும் அடித்துத் தருகிறேன் என்று என்னிடம் 11,500 ரூபாய் வாங்கினார்கள். டேங்க் மாறவே இல்லை. அது தெரியாமல் அந்தக் காரின் பின்சீட்டில் என் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஐந்து மாதம் ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

கார் அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் மாடல். அப்பா போனபிறகு நான்தான் பள்ளிக்கூடத்துக்கு அதில் போய் வருகிறேன். வீடு மணவாளக்குறிச்சியில், கடல் நடந்துபோகும் தூரம். ஆனி ஆடியில் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலில் உப்பு பிசுபிசுக்கும். அந்த உப்புதான் காரின் அடியிலும் படிகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அடிப்பாகம் நன்றாகக் காய்வதற்கு வருடத்தில் எத்தனை நாள் கிடைக்கும்?

போன வருடம் ஏற்றத்தில் வண்டி திக்கித் திக்கி இழுக்க ஆரம்பித்தது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காப்பித்தூள் மாதிரி துரு. மாற்றினோம். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே கதை. கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார் என்று நாகர்கோவில் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

"டீச்சர், டேங்க் போச்சு. புதுசு போட்டு, உள்ளேயும் வெளியேயும் ஆன்டி ரஸ்ட் அடிச்சுத் தந்திருதேன். பத்து வருஷத்துக்கு நீங்க அந்தப் பக்கம் நோக்க வேண்டாம்" என்றார். ஒரு வெள்ளைத்தாளில் கணக்கு எழுதினார்: டேங்க் 6,800, கோட்டிங் 2,700, கூலி 2,000. நான்கு நாள் ஆகும் என்றார். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். பெட்ரோல் திறந்து கிடக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டியை எடுக்கும்போது டார்ச் அடித்துக் காட்டினார். கன்னங்கரேல் என்று பளபளத்தது. பழைய டேங்க் எங்கே என்று கேட்டதற்கு, "அதை ஆக்கர்காரன் அப்பவே கொண்டுபோயிட்டானே" என்றார், பழைய இரும்பு வாங்குபவரைச் சொல்லி. சரி என்று ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு வந்தேன். பில் கேட்கவில்லை.

நான்காம் மாதம் காலையில் கார் ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் மணம். போன் செய்தேன். "ஃபுல் டேங்க் அடிச்சிருப்பீங்க, அதான்" என்றார். அடுத்த மாதம் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். பக்கத்திலேயே அடுக்களைப் புகைக்கூண்டு. அன்றைக்குப் பிறகு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போக மனமில்லை. திங்கள்நகர் பக்கம் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் விட்டேன்.

அவர் டேங்க்கை இறக்கி ஒரு மரப்பலகையில் வைத்து, கந்தல் துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தார். கறுப்பு முழுக்கத் துணியோடு வந்துவிட்டது, ரோட்டுத் தார் கரைகிற மாதிரி. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பட்டி, அதாவது பாடி வேலையில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. நகத்தால் கீறினார், பழைய சோப்பு மாதிரி பெயர்ந்தது. அதற்கும் கீழே ஊசி நுழைகிற ஓட்டை. இப்படி ஐந்து இடம். மேல்பக்கம் எல்லாம் செதில் செதிலாகத் துரு.

அப்புறம்தான் அந்த மூலையைப் பார்த்தேன். நான் பத்தாவது படிக்கும்போது முட்டம் போகும் வழியில் அப்பா ஒரு கல்லில் அடித்து நசுங்கிய மூலை. அன்றைக்கு இறங்கிக் குனிந்து பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆக்கர்காரன் கொண்டுபோனதாகச் சொன்ன டேங்க் என் கண் முன்னால் இருந்தது.

"மக்களே, இதுல புதுசா இருந்தது பெயின்ட் மட்டும்தான்" என்றார் பெரியவர்.

அவர் எனக்குச் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் கறுப்புத் தார்ப்பூச்சு காரின் அடித்தகட்டுக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கும் அடிப்பது. பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். துருவைச் சுரண்டாமல் மேலே அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, துரு யார் கண்ணிலும் படாமல் தின்றுகொண்டே போகும். பாடி வேலைக்கான பட்டியும் பெட்ரோலில் ஊறி இளகிவிடும். எனவே டேங்க்கைக் கறுப்பு அடித்த பிறகு பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடிப்பதற்கு முன்னால் வெறும் தகடாகப் பார்க்க வேண்டும்.

அவர் அப்படித்தான் காட்டினார். புது டேங்க் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது, பில் என் பெயரில். வாய்களில் பிளாஸ்டிக் மூடிகள் கழற்றாமல் இருந்தன. தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபிறகு அடித்தார். அதன்மேல் பெயின்ட். டேங்க் என்பது இரண்டு தகட்டுத் தட்டுகளை வாயோடு வாய் வைத்து வெல்டு செய்ததுதான். அந்த ஓர மடிப்பிலும், மண் போய் அடைகிற மேல்பக்கத்திலும்தான் துரு முதலில் பிடிக்கும். அந்த இரண்டு இடத்துக்கும் பிரஷ்ஷால் தனியாகப் பூசினார். டேங்க்குக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த பழைய கம்பளிப் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் பட்டை வைத்தார். கம்பளி தண்ணீரைக் குடித்துக்கொண்டு தகட்டிலேயே ஒட்டிக் கிடக்குமாம். ஹோஸ், கிளிப், பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டின் கேஸ்கெட் எல்லாம் புதிது.

உள்பக்கம் புது டேங்க்குக்கு எதுவும் ஊற்ற வேண்டாம் என்றார். பழைய டேங்க்கில் லேசான துரு மட்டும் இருந்தால், பாஸ்பாரிக் அமிலத்தால் துருவை எடுத்து, கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, பெட்ரோல் தாங்குகிற எபாக்சி சீலர் ஊற்றலாம். காயாமல் ஊற்றினால் தோல் தோலாக உரிந்து லைனை அடைக்கும். ஓட்டை விழுந்த டேங்க்கில் அந்த வேலையே கூடாது.

யாராவது வெல்டு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோலைக் கொட்டிவிட்டோம் என்று தைரியமாக வைப்பார்கள். காலி டேங்க்கில் நிற்கிற ஆவிதான் வெடிக்கும்.

இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் நிற்கும். ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் பழைய காரில் அது தகட்டை உள்ளிருந்து அரிக்கும். நான் கோடை விடுமுறைக்கு நிறுத்தும்போது இப்போது டேங்க்கை நிரப்பித்தான் நிறுத்துகிறேன், காலி இடம் இருந்தால்தானே உள்ளே ஈரக்காற்று நிற்கும்.

பழைய ஒர்க்‌ஷாப்காரரிடம் போட்டோக்களோடு போனேன். "நீங்கதானே டீச்சர் செலவு குறைச்சுச் செய்யச் சொன்னீங்க" என்றார், என் முகத்தைப் பார்த்தே. நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை விட அந்தப் பேச்சுதான் எனக்குச் சுட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எழுத்தில் என் கையில் இருப்பது அந்த வெள்ளைத்தாளும் ஜிபே ரசீதும் பெரியவர் எழுதித் தந்த ஒரு குறிப்பும்தான். புது டேங்க் என்று ஒரு பில் வாங்கியிருந்தால் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும்.

பழைய டேங்க்கைக் கழுவி ஷெட்டின் மூலையில் வைத்திருக்கிறேன், பாதி கறுப்போடும் பாதி பட்டியோடும். உங்கள் காரிலும் இதே மாதிரி வேலை நடந்திருக்குமோ என்று சந்தேகமுள்ளவர்கள் சனி, ஞாயிறில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.