பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம்: அன்றாட வாசிப்புக்கு ஏற்றதா?

வேப்பேரியிலுள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கிய இந்தப் பெரிய எழுத்து வேதாகமம், மூக்குக் கண்ணாடியைத் தேடவிடாத அளவுக்குத் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளது. பின்பக்க அட்டவணை 1189 அதிகாரங்களையும் ஓராண்டுக்குள் பிரித்துத் தருகிறது. பலி முறைகளும் சட்டங்களும் நிறைந்த மூன்றாம் நூலான லேவியராகமத்தை எட்டும்போது பலர் சோர்ந்துவிடுவது இயல்பே. அதைவிட, நீதிமொழிகளின் 31 அதிகாரங்களைத் தேதிக்கு ஒன்றாகவும், 150 சங்கீதங்களை நாளுக்கு ஐந்தாகவும் வாசித்து, 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதத்தை மட்டும் 22 எபிரெய எழுத்துகளின் வரிசையில் அமைந்த அதன் பகுதிகளின்படி எட்டெட்டு வசனங்களாக 22 நாட்களுக்குத் தனியே வைத்துக்கொள்வது, அன்றன்றைய கவலைகளுக்கு நடுவே மனத்துக்குத் திடமளிக்கிறது என்பது என் கருத்து. தாள் மெலிது, மை மறுபக்கம் ஊறுவதால் அடிக்கோடிடப் பென்சிலே நல்லது. எடை அதிகமாதலால் மின்சார ரயில் பயணத்துக்கு இது உதவாது.