பணியார மாவுக்குத் தாங்குமா இந்த 750 வாட் மிக்ஸி?

வெள்ளைப் பணியார மாவைத் திணறாமல் அரைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மூன்று ஜார் மிக்ஸியைக் காரைக்குடியில் வாங்கினோம். ஊறிய பச்சரிசியும் உளுந்தும் தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெயாக அரைபட வேண்டும். ஜாரில் பாதி மட்டும் போட்டு, ஜில் தண்ணீர் தெளித்து அரைத்தால் நன்றாகவே வருகிறது.

மாவு இறுகினால் மோட்டார் தானாக நின்றுவிடும். உடனே பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மாவைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மோட்டார் ஆறியபின் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும். கையேட்டிலும் 5 நிமிடம் ஓட்டினால் 2 நிமிடம் ஓய்வு கொடுக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜார் லாக். ஜார் சரியாக உட்காராவிட்டால் மோட்டார் அசையாது. மூடிக்கும் இரண்டு பக்கம் கொக்கி உண்டு. அதை நம்பி வதக்கிய வெங்காயம், தக்காளியைச் சூட்டோடு போட்டுவிடாதீர்கள். ஆவி உள்ளே அடைபட்டு மூடியைத் தள்ளும், காரம் கண்ணில் அடிக்கும். “ஆறட்டும் ஆத்தா, என்ன அவசரம்” என்று அப்பத்தா அடுப்படிக்கு வெளியே இருந்தே குரல் கொடுப்பார்.

குறை என்றால் ஒயர்தான். ரொம்பக் குட்டை. எங்கள் வீடு மாதிரி பழைய வளவு வீடுகளில் சுவிட்ச் போர்டு கதவோரம் இருக்கும், மேடை எதிர்ப்பக்கம் இருக்கும். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. பழைய வயரிங்கில் எர்த்தும் (கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பி) இல்லை. பிளக்கின் மூன்று பின்களில் பெரியதுதான் எர்த். இரண்டு பின் அடாப்டரில் செருகினால் அந்தப் பாதுகாப்பு போச்சு. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்து, மேடை அருகே புது பாயிண்ட் வைத்து, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்ட பிறகுதான் மிக்ஸியை மாட்டினோம். செலவு மிக்ஸி விலையைத் தாண்டியது, பரவாயில்லை. வெறுங்காலோடு ஈரக் கையோடு நிற்கிற இடம் அல்லவா!

மிக்ஸிக்கு 6 ஆம்பியர் பாயிண்ட் போதும், இது இழுப்பது சுமார் 3.3 ஆம்பியர்தான். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் அதில் சேர்த்து மாட்டாதீர்கள், அதற்கு 16 ஆம்பியர் தனியாக வேண்டும்.

வாங்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கடையிலேயே ஜாரை அரைகுறையாக வைத்து சுவிட்சைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் அந்தப் பீஸ் வேண்டாம்.