பசைத்தாளுக்கு மீத்தைல் செல்லுலோஸ் பவுடர்: ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு

கும்பகோணத்தில் அப்பா பைண்டிங் கடை வைத்திருந்தார். பாத்திரக்கடை, ஜவுளிக்கடைப் பேரேடுகளுக்குச் சிவப்பு காலிகோ ஒட்டிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. கடையை மூடி ஒன்பது வருடமாகிறது. அவருடைய கைப்பிரஸ் மட்டும் என்னிடம் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் நோட்டுகள் தைத்து விற்கிறேன். மேலட்டைக்கான வண்ணத்தாளையும் நானே செய்கிறேன். பசையில் நிறம் கலந்து தாளில் தடவி, ஈரம் இருக்கும்போதே சீப்பு, ஈர்க்குச்சி, விரல் எதையாவது கொண்டு இழுக்க வேண்டும். இழுத்த தடம் அப்படியே காய்ந்து நிற்கும். அதுதான் பசைத்தாள்.

இத்தனை நாள் மைதா பசைதான். ஒரு டம்ளர் மைதாவுக்கு ஆறு டம்ளர் தண்ணீர், கைவிடாமல் கிண்டி, மல்துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துவேன். இந்தச் சித்திரையில் தோழி ஒருத்தி சொன்னாள் என்று ஆன்லைனில் மீத்தைல் செல்லுலோஸ் பவுடர் வாங்கினேன். செடிகொடிகளின் நாரிலிருந்து (செல்லுலோஸ்) தயாரிக்கும், தண்ணீரில் கலந்தால் பசையாகிற வெள்ளைப் பவுடர் இது. 100 கிராம் 290 ரூபாய், கூரியருக்கு 60.

முதல் நாளே ஏமாற்றம். பாக்கெட்டில் 'தண்ணீரில் கலக்கவும்' என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. பச்சைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். மேலே வழவழப்பும் உள்ளே காய்ந்த மாவுமாக உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. எவ்வளவு அடித்தும் உடையவில்லை. 290 ரூபாய் வாங்குகிறவர்கள் செய்முறையைத் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். இது மைதாவுக்கு நேர்மாறான சரக்கு. சூடான தண்ணீரில் கரையாது, குளிர்ந்த தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் 8 கிராமை 70 மில்லி நல்ல வெந்நீரில் தூவிக் கலக்க வேண்டும். கரையாமல் மணிமணியாகப் பிரிந்து நனையும். பிறகு 130 மில்லி குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கிளறி, இரவு முழுக்க வைத்தால் காலையில் சோற்றுக்கற்றாழைச் சதை மாதிரி தெளிவாக இருக்கும். கட்டியே இல்லை.

நிறம் இதில் அருமையாக எடுக்கிறது. மைதா பசை எந்த நிறத்தையும் கொஞ்சம் பால் கலந்தது போல மங்கலாக்கிவிடும். இதில் அக்ரிலிக் நீலம் நீலமாகவே நிற்கிறது. போஸ்டர் கலர் மட்டும் வேண்டாம், ஈரக்கை பட்டால் எந்தப் பசையிலும் அது கையோடு வந்துவிடும்.

ஆனால் சீப்பு வேலைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. இழுத்தவுடன் கோடு அழகாகத்தான் இருக்கிறது; சில நொடிகளில் ஓரங்கள் தளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. மைதாவில் கோட்டின் இரு பக்கமும் சின்ன வரப்பு போல எழும்பி நிற்கும், காய்ந்த பிறகு விரலால் தடவினால் தெரியும். எனக்குப் பசைத்தாள் என்றால் அந்த வரப்புதான். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியத் திருச்சபைப் பெண்கள் 18ஆம் நூற்றாண்டில் இப்படிச் செய்த தாள்கள் பேர்பெற்றவை. அதே சபையின் சகோதரர்கள்தான் 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். அங்கே கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்கள்தான் நினைவுக்கு வரும்.

இரண்டு தாள்களில் பசை தடவி, முகத்தோடு முகம் ஒட்டி, அழுத்திப் பிரித்தெடுக்கும் முறையில் மட்டும் பவுடர் ஜெயித்துவிட்டது. மைதாவில் தடித்த வேர் மாதிரி வரும் கிளைகள் இதில் அரச இலை நரம்பு போல மெல்லியதாக வருகின்றன.

நான் இதை வாங்கியதற்கு உண்மையான காரணம் ராமபாணப்பூச்சி. மாவுப்பசை என்றால் அதற்கு விருந்து. போன வருடம் பெட்டியில் வைத்திருந்த பதினொரு நோட்டுகளின் அட்டையை அரித்துவிட்டது, அன்று அழுதேவிட்டேன். அப்பா காலத்தில் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் கையில் போகிற நோட்டுக்கு நான் போட மாட்டேன். மீத்தைல் செல்லுலோஸைப் பூச்சி தின்பதில்லை, புளித்தும் போவதில்லை. மைதா பசை மறுநாளே நாறும்போது, இது மூடிய பாட்டிலில் மூன்று வாரம் கெடாமல் இருந்தது. ஐந்து மாதமாக அதே பெட்டியில் வைத்திருக்கும் தாள்களில் ஓர் ஓட்டைகூட இல்லை.

தாளை அட்டையில் ஒட்டுவதற்கு இதை மட்டும் நம்பாதீர்கள். பிடிப்பு குறைவு, மூலைகள் தூக்கிக்கொண்டன. ஃபெவிகாலில் கொஞ்சம் இதைக் கலந்தால் சரியாக இருக்கிறது. சீக்கிரம் காய்ந்துவிடாததால் தாளை நகர்த்தி நேராக்க அவகாசமும் கிடைக்கிறது.

எந்தப் பசையானாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், நம் ஊர் வெயிலுக்கு மேற்பரப்பு நொடியில் ஆடை கட்டிவிடும். 120 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளை ஈரப் பஞ்சால் இரு பக்கமும் துடைத்து, அது விரிந்த பிறகு பசை தடவினால் சுருக்கம் விழாது.

8 கிராமில் ஏ3 அளவுத் தாள் பத்து வருகிறது. தாளுக்கு மூன்று ரூபாய்க்குள் அடங்குகிறது. மைதாவோடு ஒப்பிட்டால் அதிகம்தான். இப்போது ஆறிய மைதா பசையில் பாதிக்குப் பாதி இதைக் கலந்து பார்க்கிறேன். வரப்பு ஓரளவு நிற்கிறது. பூச்சி வருமா என்று பார்க்க, அந்தத் தாள்களில் நாலைப் பெட்டியின் அடியில் தனியாக வைத்திருக்கிறேன். தை மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.