யோக்யகர்த்தாவில் 'அந்தக் காலத்து' கஃபேக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

போரோபுதூர், பிரம்பானான் கோயில்களைப் பார்க்க இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா வரும் நம்மவர்களுக்காக, முக்கியமாகச் சைவம் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாலியோபோரோ தெருவைச் சுற்றி 'தெம்போ டுலு', அதாவது 'அந்தக் காலம்' என்ற பாணிக் கஃபேக்கள் நிறைய உண்டு. பூப்போட்ட சிமெண்ட் தரை, பிரம்பு நாற்காலி, பச்சையும் வெள்ளையும் தெறித்த எனாமல் தட்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்த அப்பள டின், வாசலில் ஒரு பழைய வெஸ்பா. பெயர்ப் பலகையில்கூட 1947க்கு முந்தைய டச்சுக் காலத்து எழுத்துக்கூட்டல். ஜாவாவின் பழைய சமையல் என்று மெனுவின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அப்படி ஒரு இடத்துக்குத்தான் அம்மா அப்பாவைக் கூட்டிப் போனேன். நான் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறேன். எனக்கு இந்தோனேசிய மொழி நன்றாகவே வரும். அதனால் பாஷை புரியாமல் நடந்த குழப்பம் என்று இதை ஒதுக்க முடியாது.

அம்மா சுத்த சைவம். அந்த ஊரின் பேர்போன சாப்பாடு குடெக். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப் பாலிலும் வெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவைப்பது. தேக்கு இலை போடுவதால் செம்பழுப்பு நிறம் வரும். கேட்டால் நமக்கு ஏற்றது போலத்தான் தோன்றும். ஆனால் அதோடு கிரெச்செக் என்று ஒன்று பரிமாறுவார்கள். அது மாட்டுத் தோல். சிவப்புக் குழம்பில் ஊறி மெத்தென்று கிடக்கும், தெரியாதவர்கள் சோயா என்றே நினைப்பார்கள். இது எனக்குத் தெரியும். அதனால் கறி, முட்டை, மீன், இறால் எதுவும் கூடாது, கிரெச்செக் கண்டிப்பாகக் கூடாது என்று சொன்னேன். "முடியும், வெஜிடேரியன் செய்து தருகிறோம்" என்றார் ஆர்டர் எடுத்த பையன். 'கிரெச்செக் வேண்டாம்' என்று அவர் சீட்டில் எழுதியதையும் பார்த்தேன்.

தட்டு வந்தது. மேலே பலாப்பிஞ்சு, ஓரத்தில் டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி, வாழையிலை வட்டம், பார்க்க அழகு. அம்மா ஒரு துண்டைப் பிளந்தார். குடெக் நன்றாக வெந்திருந்தால் தொட்டாலே நசுங்க வேண்டும், உள்வரை நிறம் இறங்கியிருக்க வேண்டும். இதில் மேலே மட்டும் பழுப்பு, உள்ளே வெள்ளையாக நார். இனிப்புச் சோயா சாஸில் புரட்டிக் கொண்டுவந்த பலா அது. சரி, சாப்பாடு சுமார் என்று விட்டுவிடலாம். அடுத்த கவளத்தில் அம்மா மென்றுகொண்டே, "இது என்னடா, வழவழன்னு இருக்கு?" என்றார். பலாவை விலக்கிப் பார்த்தால் அடியில் கிரெச்செக் துண்டுகள்.

அம்மா டிஷ்யூவில் துப்பிவிட்டுக் கை கழுவப் போனார். அன்று முழுக்கத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், சமையலறையில் முன்பே எல்லாவற்றையும் கலந்து வைத்திருந்தார்களாம், முடிந்த அளவு பொறுக்கி எடுத்தார்களாம். அப்படியானால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? மேலாளர் வந்தார். "தோல்தானே, கறி இல்லையே" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு மன்னிப்புகூட வரவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், வாழ்நாள் முழுக்கக் காத்துவந்த ஒன்றை இவ்வளவு லேசாக உடைத்துவிட்டு நிற்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

அம்மாவுக்கு வெடாங் ஊவு சொல்லியிருந்தோம். கண்ணாடி டம்ளர் நிறையக் கிராம்பு இலை, பட்டை இலை, இஞ்சி, சப்பான் மரச் சீவல் எல்லாம் மிதக்கும் பானம் அது. கேரளத்தில் தரும் பதிமுகத் தண்ணீருக்கு நிறம் கொடுக்கும் அதே மரம்தான். எங்களுக்கு வந்தது பாக்கெட் பொடியைக் கரைத்த சிவப்புத் தண்ணீர். ஓர் இலைகூட இல்லை.

பில்லில் வேறு கதை. மெனுவில் 55, 38, 24 என்று விலை போட்டிருக்கும். ஆயிரத்தை விட்டுவிடுவது அங்கே வழக்கம், 55 என்றால் 55,000 ரூபியா. அப்பாவுக்குச் சுட்ட குராமி மீன் 24 என்று இருந்தது. "முழு மீனா?" என்று கேட்டேன், "ஆமாம், ஒரு மீன்" என்றார்கள். பில்லில் 2,16,000. அந்த 24 ஓர் 'ஒன்ஸ்' மீனுக்கு, அதாவது 100 கிராமுக்காம். மீன் 900 கிராமாம். மெனுவில் ஒன்ஸ் என்ற சொல்லே இல்லை. நம் பணத்தில் சுமார் 130 ரூபாய் என்று நினைத்தது 1,100க்கு மேல் போய்விட்டது. எடை போட்டு விற்பது அந்த ஊரில் சாதாரணம்தான். ஆனால் ஒழுங்கான கடையில் மீனைக் காட்டி, தராசில் வைத்து, விலை சொல்லி, சரி என்ற பிறகுதான் அடுப்பில் போடுவார்கள்.

கேட்காமலே மேசையில் வைத்த அப்பளத்துக்கும் ஈர டிஷ்யூவுக்கும் காசு. சாப்பிட்டதற்கு மட்டும் வாங்குவதுதான் அங்கே முறை, நாங்கள் அப்பளத்தைத் தொடவே இல்லை. அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், 10 சதவீத உணவக வரி. மெனுவின் ஓரத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி இருந்தால் இவை தனி என்று அர்த்தம், அதில் தப்பில்லை. ஆனால் கார்டு கொடுத்ததும் இன்னும் 3 சதவீதம் கேட்டார்கள். அப்படி வாங்கக் கூடாது என்று அந்நாட்டின் ரிசர்வ் வங்கியான பேங்க் இந்தோனேசியா தடை போட்டிருக்கிறது. க்யூரிஸ் என்ற அந்நாட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிக் கட்டினாலும் அப்படிக் கூடுதலாக வாங்கக் கூடாது. இதைச் சொன்னதும் அந்த 3 சதவீதத்தை மட்டும் எடுத்தார்கள். அம்மாவின் தட்டுக்குப் போட்ட 55,000ஐக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

போகிறவர்கள் மீன் சொன்னால் எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிடுங்கள். வேண்டாத தட்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சைவக்காரர்கள் சம்பல் என்ற மிளகாய்த் துவையலைக்கூட நம்பாதீர்கள், பெரும்பாலும் தெராசி என்ற இறால் விழுது இருக்கும். காய்க்குழம்பில் காய்ந்த இறால் போடுவார்கள். குடெக்கையே கோழியோடும் முட்டையோடும் ஒரே பானையில் வேகவைக்கும் கடைகளும் உண்டு. வெஜிடேரியன் என்று பலகை போட்ட சீனப் பௌத்த உணவகங்கள் இந்தோனேசியாவின் பெரிய ஊர்களில் உண்டு. அம்மாவை மறுநாள் அப்படி ஒன்றுக்குத்தான் கூட்டிப் போனேன், அங்கே பயமில்லாமல் சாப்பிட்டார்.