காற்றாலையா, மொட்டைமாடி சோலாரா?

ஆடி மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் காற்றாலை ஊரான முப்பந்தலில் நின்றால் காது அடைத்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அப்படி! மே முதல் செப்டம்பர் வரை இரவிலும் மின்சாரம் கொட்டும், அப்புறம் இறக்கைகள் ஓய்ந்துவிடும். தடை என்னவென்றால், நல்ல காற்றுள்ள இடங்களை 1990களில் நட்ட சின்னக் காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெரியது வைக்க இடைவெளி அதிகம் வேண்டும், அதற்குப் பக்கத்து நிலக்காரரும் சம்மதிக்க வேண்டும்.

சோலார் வருடம் முழுக்கத் தரும். ஆனால் சாயங்காலம் வீட்டில் விளக்கும் ஃபேனும் ஓடத் தொடங்கும் நேரம் பார்த்துக் கைவிட்டுவிடும். 2024 முதல் 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய். வாடகைக்கு இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? சொந்த மாடி இருந்தால், சரி, தாமதிக்காமல் போட்டுவிடுங்கள்.