காணாக்கடிக்கு எது கைகொடுக்கும்: ஓமமா, மஞ்சளா, கசாயமா, மாத்திரையா?

வைத்தியங்களை ஒப்பிடும் முன் ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுங்கள். தோலில் எழும்பியிருக்கும் ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். காணாக்கடி என்று நாம் சொல்லும் தடிப்பாக இருந்தால், கோட்டுக்குள் இருப்பது 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் அமுங்கிவிடும். வேறு இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கும். போட்ட இடத்திலேயே நின்று, வலித்து, கன்றிய நிறத்தை விட்டுப் போனால் அது வேறு நோய். தோல் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அரிப்புக்குக் காரணங்கள் நிறைய. பார்த்தீனியம் மண்டிய வரப்பில் களை பிடுங்குகிறவர்களுக்கு முகமும் கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துச் செதில் விடும். மாங்காய் பறிப்பில் காம்புப் பால் பட்ட இடம் வெந்து புண்ணாகும். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் விரல் இடுக்கு அரித்தால் பெரும்பாலும் சொறி. இந்த மூன்றுக்கும் மருத்துவம் தனி. இங்கே நான் பேசுவது பத்தை பத்தையாக எழும்பி அமுங்கும் தடிப்பைப் பற்றி மட்டும்.

ஆயுர்வேதத்தில் இதற்குச் சீதபித்தம் என்று பெயர். குளிர்ந்த காற்று பட்டு, வாதமும் கபமும் கிளர்ந்து, பித்தத்தோடு சேர்ந்து தோலில் பரவுகிறது, குளவி கொட்டியதைப் போல வீங்குகிறது என்று மாதவ நிதானம் என்ற பழைய நூல் விவரிக்கிறது. கூடவே உதர்தம், கோடம் என்று இரண்டு வகைகளையும் பிரிக்கிறது. இன்றைய மருத்துவம், தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள், அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுவதால் வருகிறது என்கிறது. அதில் குளிரால் வருவது, வியர்வையால் வருவது, அழுத்தத்தால் வருவது, காரணமே பிடிபடாதது என்று பல உண்டு. இந்தப் பிரிவைப் பார்க்காமல் மருந்தை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

ஓமமும் வெல்லமும் முதலில். ஓமத்தை வெல்லத்தோடு சேர்த்துத் தின்று, பத்தியமாகச் சாப்பிட்டு வந்தால் ஏழு நாளில் உதர்தம் போகும் என்று பழைய ஆயுர்வேத நூல்களிலேயே சுலோகம் இருக்கிறது. இஞ்சிச் சாற்றில் பழைய வெல்லத்தைக் கரைத்துக் குடிப்பதும் அதே வரிசை. பாலக்கோட்டு நாட்டு மருந்துக் கடையில் ஓமம் கேட்டால், கடைக்கார அண்ணன் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கசக்கி மூக்கருகே நீட்டுவார். கண்ணில் நீர் வரவேண்டும், வாசம் மூக்கில் ஏறவேண்டும். அதுதான் நல்ல ஓமம். பழையதென்றால் வைக்கோல் வாடைதான் இருக்கும். செலவு மிகக் குறைவு. வயிறு உப்புசம், செரிமானக் கோளாறோடு தடிப்பும் சேர்ந்து வருகிறவர்களுக்கு வயிறு லேசாகும். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் வெல்லம் ஆகாது.

ஆனால் அந்த ஏழு நாள் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். சளி, காய்ச்சலை ஒட்டித் திடீரென்று வரும் தடிப்பு பெரும்பாலும் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ தானாகவே அடங்கிவிடும். கடைசியாக எதைத் தின்றோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். ஓமத்துக்கு மட்டுமா, மந்திரித்துக் கயிறு கட்டியவருக்கும், ஊசி போட்டவருக்கும் இதே கதைதான். ஆறு வாரத்தைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தால்தான் நாள்பட்ட தடிப்பு. மருந்துக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

அடுத்தது எண்ணெயும் வெந்நீரும். சீதபித்தத்துக்குக் கடுகெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றச் சொல்கிறது ஆயுர்வேதம். நம் வீடுகளில் கடுகெண்ணெய் பழக்கமில்லை, சிலருக்கு அதுவே எரியும். நல்லெண்ணெய்தான் தேய்க்கிறோம். இது யாருக்குப் பொருந்தும்? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் வண்டி ஓட்டிப் போனால் கன்னமும் கைகளும் தடிக்கிறவர்களுக்கு உடம்பைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது நிச்சயம் உதவும். அதையே சித்திரை வெயிலில் கல் உடைத்து வியர்த்ததும் கடுகு கடுகாகப் பொரி கிளம்புகிறவருக்குச் செய்தால், வெந்நீரே தடிப்பைக் கிளப்பும். அவருக்குச் சூடுதான் எதிரி. நல்ல ஆயுர்வேத மருத்துவர் இதைப் பிரித்துப் பார்த்து, பித்தம் மேலோங்கியவருக்கு நன்னாரி, கசப்பு மூலிகைகள் சேர்ந்த திக்தக நெய் என்று குளிர்ச்சியின் பக்கம் போவார். கைபேசியில் வரும் குறிப்புகளில் இந்தப் பிரிவே இருப்பதில்லை. ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு வினையாவது இங்கேதான்.

குளிரால் வருகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு நேராக அருவியில் போய் நிற்பது எல்லோருக்கும் ஆசை. குளிர்த் தடிப்பு உள்ளவரின் முழு உடம்பும் ஒரே நேரத்தில் குளிர்ந்த நீரில் பட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் போடலாம். ஆற்றுக்குள் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்திருப்பது இதைத் தடுக்காது.

மஞ்சளுக்கு வருவோம். இந்த நோய்க்கென்றே பெயர்பெற்ற ஆயுர்வேத மருந்து ஹரித்ரா கண்டம். பைஷஜ்ய ரத்னாவளி என்ற நூலில் உள்ள செய்முறையில், பலம் என்ற பழைய எடைக் கணக்கில், மஞ்சள் 8 பலம், நெய் 6 பலம், சர்க்கரை 50 பலம். பாலில் வேகவைத்து, திரிகடுகு, திரிபலா, வாய்விடங்கம், சிவதை, கோரைக்கிழங்கு எல்லாம் சேர்ப்பார்கள். கணக்கைப் பாருங்கள், மஞ்சளைப் போல ஆறு மடங்கு சர்க்கரை. சர்க்கரை வியாதிக்காரருக்கு ஹரித்ரா கண்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். சிவதை இருப்பதால் சிலருக்கு வயிறும் இளகும்.

என் நாத்தனார் தேன்கனிக்கோட்டையில் இருக்கிறாள், அவளுக்குக் குளிரால் வரும் தடிப்பு. மண்டலக் கணக்கில் இதைச் சாப்பிட்டாள். “அண்ணி, அரிப்பு கொஞ்சம் தேவலாம் போலத்தான் இருக்கு. ஆனா காலையில வண்டி எடுத்தா திரும்ப வந்துடுது” என்றாள். என் கணிப்பும் அதுதான். அரிப்பின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், காரணத்தைத் தொடாது. மெதுவாகத்தான் வேலை செய்யும். உடம்பு பூராவும் தடித்து நிற்கும் ராத்திரியில் இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஹரித்ரா கண்டத்துக்குப் போட்டி கசப்பு மருந்துகள். படோலகடுரோகிண்யாதி கசாயம், மஞ்சிட்டி சேர்ந்த கசாயங்கள், கதிராரிஷ்டம் எல்லாம் இந்த வகை. சர்க்கரைப் பாகு வேண்டாதவருக்குக் கசாயம் மேல். அரிஷ்டங்களில் வெல்லமும், புளிப்பதால் தானாக உண்டாகும் கொஞ்சம் சாராயமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். சீந்தில் சேர்ந்ததை மாதக்கணக்கில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மஞ்சள் காமாலை வந்தவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதால் வரும் தைராய்டு போன்ற நோய் உள்ளவர்கள் சொந்தமாக ஆரம்பிக்கக் கூடாது. வேப்பிலையை நெல்லிக்காயோடும் நெய்யோடும் சாப்பிடச் சொல்லும் பழைய முறையும் உண்டு. பெரியவர்களுக்குச் சில நாள் சரி, கர்ப்பிணிக்கு வேண்டாம். வேப்பெண்ணெயைக் குழந்தையின் வாயில் புகட்டவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

ஆரோக்கியவர்த்தினி வேறு ரகம். அதில் பாதரசம், கந்தகம், தாமிர பஸ்பம் எல்லாம் இருக்கின்றன. இப்படிப்பட்ட மருந்துகளின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையை வாங்கித் தின்னும் பழக்கத்துக்கு இது இடமில்லை. வமனம், விரேசனம் என்கிற வாந்தி, பேதி சிகிச்சைகள் மருத்துவமனையில் தங்கிச் செய்யவேண்டியவை.

சித்த மருத்துவத்தை நம் மக்கள் ஆயுர்வேதத்தோடு சேர்த்தே பேசுகிறார்கள். அருகம்புல்லும் மிளகும் போட்ட குடிநீர், பறங்கிப்பட்டைச் சூரணம், மேலுக்கு அருகன் தைலம், இதுதான் வழக்கமான மருந்து வரிசை. அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் பார்க்கிறார், மருந்தும் இலவசம். பணம் புரட்ட முடியாத வீட்டுக்கு, தனியார் வைத்தியசாலைக்கு ஓடுவதைவிட இதையே முதலில் சொல்வேன். பறங்கிப்பட்டைக்கு என்னிடம் தனி மரியாதை உண்டு. ஆனால் அதுவும் நாள் எடுக்கும்.

வேகத்தில் இந்த மருந்துகள் எதுவும் மாத்திரையை முந்தாது. ஹிஸ்டமினை அடக்கும் செட்ரிசின், லெவோசெட்ரிசின் சில ரூபாய்தான், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அரிப்பு தணியும். சிலருக்குத் தூக்கம் வரும், தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவர் அதைச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ஃபெக்ஸோஃபெனாடின், பிலாஸ்டினில் தூக்கம் குறைவு. நாள்பட்ட தடிப்புக்கு அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போடவேண்டும். கேட்கவில்லை என்றால் டாக்டர் அளவை நான்கு மடங்கு வரை கூட்டுவார், அதற்கும் மசியாதவருக்கு ஓமாலிசுமாப் ஊசி உண்டு, விலை அதிகம். மாத்திரை நோயை அறுக்காது, அடக்கி வைக்கும். அடக்கி வைத்திருக்கும் காலத்தில் நோய் பலருக்குத் தானே ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் நாள்பட்ட தடிப்புக்கு என் ஓட்டு இதற்கு. நாத்தனாருக்கும் கடைசியில் தினசரி மாத்திரையும் காதுவரை மூடிய ஸ்வெட்டரும்தான் நிம்மதி கொடுத்தன.

நான் எதிர்ப்பது இரண்டு. ஒன்று, தடிக்கும்போதெல்லாம் ஸ்டீராய்டு ஊசி. உடனே நிற்கும், திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மற்றொன்று, லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் பொடி. ஒரே வேளையில் மாயமாக நின்று, சில வாரத்தில் முகம் உப்பி, பசி கூடினால் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

பத்தியம் என்றதும் கத்தரிக்காய், கருவாடு, முட்டை, புளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் தின்று துவண்டுபோகிறவர்கள் உண்டு. ஒரு பொருளைத் தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு தடவையும் தடித்தால் அதை விடுங்கள். மற்றதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கத்தரிக்காயைவிட முதலில் சந்தேகப்பட வேண்டியது மூட்டுவலிக்குப் போடும் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை. அவை சிலருக்குத் தடிப்பைக் கிளப்பும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அந்த நேரத்தில் வேண்டியது அட்ரினலின் ஊசி. 108ஐக் கூப்பிடுங்கள். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலை ஊர்களில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால், வீக்கம் தொடங்கிய உடனேயே கூப்பிட வேண்டும், கசாயம் கொதிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.